புகார்தாரர் பெயர் ஊருக்குத் தெரியும், கோப்பு அவருக்குத் தெரியாது: விசாரணை ஆவணங்களும் அந்தரங்க உரிமையும்

சாதிய வன்கொடுமை குறித்து அரசிடம் ஒரு மனு கொடுக்கப்பட்டதும் அது கீழ்நோக்கிப் பயணிக்கத் தொடங்குகிறது. மாவட்ட ஆட்சியரிடம் அளித்த மனு வட்டாட்சியருக்குப் போகிறது; அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கு. காவல் கண்காணிப்பாளரிடம் கொடுத்தது, எந்த நிலையத்தின் மீது குறை கூறப்பட்டதோ அதே நிலையத்துக்கு 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பப்படுகிறது. புகார்தாரரின் பெயர், தெரு, கைபேசி எண், கையெழுத்து யாவும் அதனுடன் செல்கின்றன. மனுவில் குறிப்பிடப்பட்டவர் மறுநாளே அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதைக் களத்தில் பணியாற்றும் எவரும் கண்டிருப்பர். ஆனால் விசாரணை முடிந்து அறிக்கை எழுதப்பட்டபின், அதைப் பார்க்க வேண்டும் என்று அதே புகார்தாரர் கேட்டால், 'மூன்றாம் நபர் தகவல்', 'விசாரணைக்கு இடையூறு' என்ற பதில் வருகிறது.

அந்தரங்கம் இங்கே தலைகீழாக நடைமுறையில் இருக்கிறது என்பதே நமது வாதம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றது, அரசின் முன் தனிமனிதரைக் காப்பதற்காக. அலுவலரை மனுதாரரிடமிருந்து காப்பதற்காக அல்ல.

முதலில், மறைக்கப்பட வேண்டியவை எவை என்று பார்ப்போம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கும் வழக்கு ஆவணங்களிலும் தீர்ப்புகளிலும் சாட்சிகளின் பெயர்களையும் முகவரிகளையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த அதிகாரம் கேட்டால்தான் பயன்படுத்தப்படுகிறது. கேட்கும் வழக்கறிஞர்கள் மிகக் குறைவு.

முதல் தகவல் அறிக்கையின் நிலை இன்னும் சிக்கலானது. 2016 செப்டம்பர் 7 அன்று இளம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுநுட்பம் வாய்ந்தவற்றுக்கு விலக்கு உண்டு. பதிவேற்ற வேண்டாம் என்ற முடிவைத் துணைக் காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவரே எடுக்க வேண்டும். சாதி வன்கொடுமை அந்த எடுத்துக்காட்டுகளில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆனால் வன்கொடுமை வழக்குகளைப் புலனாய்வு செய்பவரே விதிப்படி துணைக் கண்காணிப்பாளர்தான். ஆகவே ஊர்விலக்கம் அல்லது பழிவாங்கல் அச்சம் உள்ள வழக்கில், பதிவேற்றத்தை நிறுத்தும்படி அவரிடமே முதல் நாளிலேயே எழுத்துமூலம் கோரலாம்.

விலக்கு இருந்தும் காப்பாற்றப்படாத நிலையும் உண்டு. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி மீதான பாலியல் வன்முறை வழக்கின் முதல் தகவல் அறிக்கை, அவரது அடையாளத்துடன் வெளியே பரவியது. தொழில்நுட்பக் கோளாறு காரணம் என்றது காவல்துறை. சென்னை உயர்நீதிமன்றம் அம்மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. ஆவணம் கசிவது அரசு பதில் சொல்ல வேண்டிய தீங்கு என்பதற்கு இவ்வுத்தரவை இனி எவரும் சுட்டிக்காட்டலாம்.

வேங்கைவயல் வழக்கு வேறு வகை. 2022 டிசம்பர் இறுதியில் பட்டியல் சாதியினர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது தெரியவந்தது. மரபணுப் பரிசோதனைக்கு இரத்த மாதிரி கேட்கப்பட்டவர்களில் அந்த நீரைக் குடித்த மக்களும் இருந்தனர். சிலர் தர மறுத்தனர். 2025 ஜனவரியில் அச்சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதையொட்டி, வழக்கோடு தொடர்புடையவை எனச் சொல்லப்பட்ட கைபேசி உரையாடல்களும் படங்களும் ஊடகங்களில் உலவின. குற்றச்சாட்டின் உண்மையை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். நீதிமன்றம் ஆராயும் முன்பே அத்தகைய பதிவுகள் தொலைக்காட்சியில் ஓடின என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறோம்.

இனி, மறைக்கப்படக் கூடாதவை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வாய்மொழிப் புகாரை எழுதி, படித்துக் காட்டி, அதன் நகலை உடனே தருவதைப் பொது ஊழியரின் கடமையாக்குகிறது. 15ஏ பிரிவின் 11ஆம் உட்பிரிவு, மாநில அரசு வகுக்க வேண்டிய திட்டத்தில், புலனாய்வின் நிலையைத் தெரிவிப்பதையும் குற்றப்பத்திரிகை நகலை இலவசமாகத் தருவதையும் சேர்த்துள்ளது. பாதிக்கப்பட்டவர்கள், அவர்களைச் சார்ந்தோர் என்பதோடு நில்லாமல், அவர்களோடு தொடர்புடைய அமைப்புகளையும் அது குறிப்பிடுகிறது. செயற்பாட்டாளர்கள் இதை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவுப்படி, புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல்துறை தானாகவே தெரிவிக்க வேண்டும்.

இவை வெறும் காகித உரிமைகள் அல்ல, பண உரிமையும்கூட. நிவாரணத் தொகை பல குற்றங்களில் முதல் தகவல் அறிக்கையின்போது 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் செல்லும்போது 50 விழுக்காடு, தண்டனையின்போது 25 விழுக்காடு என்று பிரிக்கப்பட்டுள்ளது. குற்றப்பத்திரிகை போய்விட்டதா என்பதே தெரியாத குடும்பம் பாதித் தொகையை எப்படிக் கேட்கும்?

நகல் மறுக்கப்படும்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைக்கு வருகிறது. பொதுத் தகவல் அலுவலர் வழக்கமாக எடுப்பது 8(1)(எச்) பிரிவை. விசாரணை நிலுவையில் உள்ளது என்ற ஒரு வரி அதற்குப் போதாது. தகவலைத் தருவது விசாரணையை எவ்வாறு தடுக்கும் என்று காரணம் காட்ட வேண்டும் என 2007இல் பகத் சிங் வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. மேல்முறையீட்டில் இதை எழுதாமல் விடக் கூடாது.

உண்மையான பூட்டு 8(1)(ஜே). இங்குதான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. புகாரைப் பதிவு செய்ய மறுத்த காவல் அலுவலர் மீது 4ஆம் பிரிவின்படி வழக்குத் தொடர வேண்டுமானால், முதலில் நிர்வாக விசாரணை நடந்து அதன் பரிந்துரை வர வேண்டும். அந்த விசாரணை நடந்ததா, என்ன முடிவு எட்டப்பட்டது என்று கேட்டால், அது அலுவலரின் தனிப்பட்ட தகவல் என்று பதில் வருகிறது. 2012இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், அரசு ஊழியரின் குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளும் தண்டனை விவரங்களும் தனிப்பட்ட தகவலே என்று உச்சநீதிமன்றம் கூறியது இதற்குத் துணை. கடமை தவறியவரைத் தண்டிக்கும் பிரிவு சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. அதை இயக்கும் அறிக்கையோ அவருடைய அந்தரங்கமாகிவிடுகிறது.

அப்போதும் ஒரு வாசல் இருந்தது: பரந்த பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்த உட்பிரிவே சொன்னது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அதை நீக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைத் தனிநபருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் போயிற்று. 2025 நவம்பரில் இத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதே தரவுச் சட்டம், குற்றப் புலனாய்வுக்காகத் தரவுகளைக் கையாள்வதற்குப் பெருமளவு விலக்கு அளித்திருக்கிறது. காவல்துறைக் கோப்பில் கிடக்கும் நம் தரவுக்குக் காப்பு குறைவு. அலுவலரின் தரவுக்குக் காப்பு கூடுதல்.

எஞ்சியிருப்பது 8(2) பிரிவு. விலக்கு இருந்தாலும், வெளியிடுவதன் பொதுநலன் காக்கப்படும் நலனைவிட மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற அப்பொதுவிதி திருத்தப்படவில்லை. ஆகவே விண்ணப்பத்திலேயே அதை எழுதி, 4ஆம் பிரிவு நடவடிக்கைக்கு இந்த அறிக்கை ஏன் தேவை என்று விளக்க வேண்டும். கூடவே 10ஆம் பிரிவையும் சேர்க்கலாம்: பெயர்களையும் முகவரிகளையும் மறைத்து எஞ்சிய பகுதியைத் தரும்படி கேட்பதற்கு அது இடம் தருகிறது. மாவட்ட விழிப்பு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அதன் நடவடிக்கைக் குறிப்புகளை இவ்வாறு கேட்பதே மிக எளிது. எத்தனை வழக்குகள், எத்தனை நாட்கள், எவ்வளவு நிவாரணம் என்பதில் எவருடைய அந்தரங்கமும் இல்லை.

நாம் கேட்கும்போது நம்மால் பிறர் வெளிப்படாமலும் இருக்க வேண்டும். பெற்ற முதல் தகவல் அறிக்கையை அப்படியே வாட்ஸ்அப் குழுக்களில் பகிரும் பழக்கம் நம் இயக்கங்களிடமும் உள்ளது. பாலியல் குற்றம் உள்ள வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரியது. நல்ல நோக்கம் தானாகவே விலக்காகிவிடாது. விண்ணப்பிப்பவரின் வீட்டு முகவரியைத் தருவது ஆபத்து என்றால் அஞ்சல் பெட்டி எண் போதும் என்று 2013இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் கூறியது. மத்திய அரசின் பணியாளர் துறை அதைச் சுற்றறிக்கையாகவும் அனுப்பியிருக்கிறது. ஊரில் தனித்திருக்கும் குடும்பத்தின் பெயரில் விண்ணப்பிக்காமல், நகரத்தில் இருக்கும் ஒருவர் இவ்வழியில் விண்ணப்பிக்கலாம்.