காத்திருக்கக் கற்ற கருவூலம்: சிங்கப்பூரின் குவாண்டம் ஆய்வும் அரசு நிதியும்

மக்கள் வரிப்பணத்தைச் செலவிடும் அரசு, பலன் எப்போது கிட்டும் என்ற வினாவுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டது. பாலமோ பள்ளிக்கூடமோ கட்டினால் விடை எளிது. தனி ஒளித்துகளை ஆராய வழங்கும் பணத்துக்கு விடை அத்துணை எளிதன்று. சிங்கப்பூர் அவ்வினாவை எதிர்கொண்ட வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

1998ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக இயற்பியலாளர் சிலர், குவாண்டம் தகவலியல் பற்றி முறைசாராக் கருத்தரங்குகளில் கூடிப் பேசலாயினர். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அம்முயற்சி வேரூன்றியது. 2007 டிசம்பரில், நாட்டின் முதல் ஆய்வு உன்னத நிலையமாகக் குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் அங்கு அமைந்தது. தேசிய ஆய்வு அறநிறுவனமும் கல்வி அமைச்சும் நிதி வழங்கின. ஒளித்துகள்களின் பிணைப்பைக் கொண்டு மறைசெய்தி அனுப்பலாம் என்று 1991இல் காட்டிய ஆர்ட்டூர் எக்கர்ட் முதல் இயக்குநரானார்.

பிணைப்பு என்பது யாது? ஒன்றாகத் தோன்றிய இரு ஒளித்துகள்கள் வெகுதொலைவு பிரிந்தாலும், அவற்றை அளந்து பெறும் முடிவுகள் தம்முள் பொருந்தி நிற்கும். இடையில் எவரேனும் ஒட்டுக்கேட்டால் அப்பொருத்தம் குலைந்து, களவு வெளிப்பட்டுவிடும். கண்ணாடி இழையில் நெடுந்தொலைவு செல்லும் ஒளி தேய்ந்துபோவதால், ஆய்வாளர்கள் விண்வெளியை நாடினர்.

2014 அக்டோபர் 28 அன்று, நிலையத்தின் கருவியைத் தாங்கிய ஏவுகணை அமெரிக்காவின் வர்ஜீனியாவில் புறப்பட்ட சில நொடிகளில் வெடித்தது. சிதைவுகளிடையே மீட்கப்பட்ட அக்கருவியோ பழுதின்றி இயங்கியது! அடுத்த ஆண்டு டிசம்பரில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற கலாசியா செயற்கைக்கோளில் மற்றொரு கருவி விண்ணேறி, தொடர்புடைய ஒளித்துகள் இணைகளை உண்டாக்கியது. பிணைப்பு அப்போதும் கைகூடவில்லை. 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஸ்பூக்கி-1 அதனையும் நிகழ்த்தியது. ஆய்வு முடிவு 2020இல் வெளியாயிற்று. சீனாவின் மிசியஸ் இதனை முன்னரே சாதித்திருந்தது உண்மையே. எனினும் அதன் எடை 600 கிலோவுக்கு மேல். ஸ்பூக்கியின் எடை 2.6 கிலோவுக்கும் குறைவு. சிறு கருவியும் இப்பணியைச் செய்யும் என்பதே அதன் பேறு.

நிலையம் தொடங்கியதற்கும் இவ்வெற்றிக்கும் இடையே பதினோர் ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. வெடிப்பின் மறுநாளே வரவுசெலவுக் கணக்கை முடித்திருந்தால் மிஞ்சியிருப்பது நட்டம் ஒன்றே. அரசு நிதி வாங்கித் தந்தது கருவியை மட்டுமன்று. தவறவும் திருத்தவும் மீண்டும் முயலவும் தேவைப்பட்ட காலத்தையும் என நாம் கருதுகிறோம்.

2018இல் குவாண்டம் பொறியியல் திட்டம் 25 மில்லியன் வெள்ளியுடன் தொடங்கியது. 2024 மே 30 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய குவாண்டம் உத்தி, ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 300 மில்லியன் வெள்ளியை ஒதுக்கியது. தொகை பெருகப் பெருக, பலனை விரைந்து காட்டுமாறு கேட்கும் குரலும் பெருகும். அக்குரல் நியாயமானதே, ஆயினும் காத்திருத்தலின் பயனை அது மறந்துவிடலாகாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதனை பிழைத்த மாணவனிடம், “எதில் பிழைத்தாய், அடுத்து என்ன செய்வாய்?” என்று கேட்கும் ஆசிரியர் இதனை நன்கறிவார்.