கொடுத்த வாக்கும் அளிக்கும் வாக்கும்



தமிழில் 'வாக்கு' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவருக்கு நாம் கொடுக்கும் உறுதிமொழியும் வாக்கு. தேர்தலில் நாம் அளிப்பதும் வாக்கு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதினால் விசுவாசி என்ன செய்ய வேண்டும்? "பணம் வாங்கியாயிற்று, சத்தியமும் செய்தாயிற்று, இனி மாற்றிப் போட்டால் பாவமல்லவா?" என்ற கேள்வி தேர்தல்தோறும் தமிழகத்தின் பல வீடுகளில் எழுகிறது. அதற்கு விடை காணுமுன், இந்த வாக்கு நம் கைக்கு வந்த வழியைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

ஜெசி பிராண்ட் ஐயர் கொல்லிமலையில் ஊழியம் செய்த நாட்களில் மலைவாழ் ஏழைக்கு வாக்கு என்பது எட்டாக் கனி. 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நடந்த தேர்தலில் சொத்தும் வரியுமே வாக்குரிமைக்கு அளவுகோல். மாகாணத்தில் பெண்களுக்கு அவ்வுரிமை 1921-இல் கிடைத்தது. அதுவும் சொத்துடைய பெண்களுக்கே. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டமே வயது வந்த ஒவ்வொருவருக்கும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி, ஒரு வாக்கைத் தந்தது. 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். எழுத்தறியாதவரும் பிறர் துணையின்றித் தம் முடிவைத் தாமே செலுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நம் மலை வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்து வாழ்வது. பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பதும் அம்முடிவுக்கு ஊர் கட்டுப்படுவதும் இங்கே பழைய மரபு. திருவிழாவுக்கும் வழக்குக்கும் அது நல்ல மரபே. ஆனால் வாக்குச்சாவடியின் மறைப்புக்குள் ஊர் நுழைவதில்லை. ஒருவர் மட்டுமே நுழைகிறார். அந்தத் தனிமையை வேண்டுமென்றே படைத்தது சட்டம்.

அத்தனிமையை முதலில் குலைப்பது பணம். 2016-இல் நம் அண்டை மாவட்டமாகிய கரூரின் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்ட காரணத்தால் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2017-இல் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அவ்வாறே ரத்தாயின. கொடுப்பவரை மட்டுமல்ல, வாங்குபவரையும் சட்டம் குற்றவாளியாகவே காண்கிறது. ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு.

அப்படியானால் வாங்கியவர் செய்த சத்தியம்? வேதத்தில் இரண்டு ஆணைகளை நினைவுகூருங்கள். யெப்தா ஆராயாமல் பொருத்தனை பண்ணினான். அதன் பாரம் அவனுடைய ஒரே மகள்மேல் விழுந்தது. ஏரோது விருந்தினர் முன்னிலையில் ஆணையிட்டான். அதைக் காப்பாற்றும்படி யோவான்ஸ்நானனின் தலையை வெட்டுவித்தான். தன் சொல்லைக் காத்தவன் என்று எவரேனும் ஏரோதைப் புகழ்வதுண்டா? தீமைக்கென்று செய்த ஆணையை நிறைவேற்றுவது, முதல் பாவத்தோடு இரண்டாவதைச் சேர்ப்பதேயாகும். ஆகவே அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது.

ஆயினும், "வாங்கிக்கொண்டு மாற்றிப் போடுங்கள்" என்று சிலர் சொல்லும் சாமர்த்தியத்தை நான் போதிக்கவில்லை. அதுவும் ஒரு வஞ்சனையே. சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். வாங்காதிருப்பது நலம், வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். கொடுக்க இயலாவிட்டாலும் வாக்கை அதற்கு ஈடாக வைக்காதீர்கள்.

அடுத்து, போதகரின் சொல். "யாருக்குப் போடலாம், ஐயா?" என்று கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடுகளைப் பட்டியலிடும்போது, தெய்வக் கோபம் வரும் என்றோ ஆவிக்குரிய தண்டனை நேரும் என்றோ சொல்லி வாக்காளரை நெருக்குவதையும் சேர்த்துள்ளது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதும் முறைகேடே என்ற விதியை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பால் விரிவாகப் பொருள்கொண்டது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நான் மௌனமாயிருக்கவில்லை. மனச்சாட்சிக்கு ஒருவன் தானே கணக்கு ஒப்புவிக்க வேண்டும். உங்களுக்காக நான் ஒப்புவிக்க முடியாது.

இன்னொரு அச்சமும் உண்டு: "யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவார்களே." வாக்குச்சாவடி வாரியான மொத்த எண்ணிக்கை வெளியாவது உண்மை, சிறிய மலைக்கிராமங்களில் இந்த அச்சம் எழுவது இயல்பே. ஆனால் உங்கள் ஒரு வாக்கு எவருக்கும் தெரியாது. நீங்கள் அழுத்திய சின்னம் அச்சிட்ட சீட்டில் ஏழு விநாடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்து, முத்திரையிட்ட பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது. யாருக்கு வாக்களித்தீர் என்று சொல்லும்படி எந்தச் சாட்சியையும் கட்டாயப்படுத்தலாகாது என்பதும் அதே சட்டத்தின் விதி.

கடன்கள் யாவும் நீங்கினபின், எதை அளவாகக் கொள்வது? நம் மலையின் சரித்திரமே ஒரு வழி காட்டுகிறது. பிராண்ட் ஐயரும் எவலின் அம்மையாரும் இங்கே பல ஆண்டுகள் மருந்து கொடுத்தும் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் உழைத்தபோது, சபையில் சேர எவரும் முன்வரவில்லை. அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர், விஷக்காய்ச்சலில் மரிக்கும் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். அவர்களுடைய பிரசங்கத்துக்கு இணங்காதவர், அவர்களுடைய நடக்கையைப் பார்த்து நம்பினார். ஐயர் 1929-இல் இந்த மலையிலேயே மரித்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே வேட்பாளரின் கடைசி வாரப் பேச்சை விட்டு, அவருடைய கடந்த ஆண்டுகளைப் பாருங்கள். நோயாளியை மலையிறக்க வழியற்ற குக்கிராமத்தின் பாதையைப்பற்றி அவர் எப்போதாவது பேசினாரா? மிளகும் காப்பியும் மரவள்ளியும் விளைவிப்பவருக்கு நியாய விலை கிடைக்கக் குரல் கொடுத்தாரா? தமக்கு வாக்களியாதவரையும் நியாயமாய் நடத்தினாரா? தம் சொத்தையும் தம்மேலுள்ள வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவரும் தகுதியுள்ளவராய்த் தோன்றாவிட்டால், 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 'மேற்கண்ட எவருமில்லை' என்ற பொத்தானும் உண்டு. ஒரே வீட்டில் இருவர் வெவ்வேறு முடிவுக்கு வந்தால், அதனால் சமாதானத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் முன்னோருக்குக் கிடையாத ஒன்று நம் கையில் இருக்கிறது. அதைக் கடனாகவும் கூலியாகவும் ஆக்கிவிடாமல், நேர்மையான மனதோடு அளிக்கக் கர்த்தர் உங்களுக்குத் தைரியம் தருவாராக. ஆமென்.