புயலைத் துரத்திய கேப்டனும், அவர் பேச்சைக் கேட்காத துறைமுகமும்

ஏப்ரல், மே மாதத்தில் சாயங்காலம் வானம் கறுத்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? மாடியில் காயுற துணியை எடுக்க ஓடுவோம்.

கொல்கத்தாவில் ஒரு சின்னக் கூட்டம் இருக்கு. வானம் கறுத்தா அவங்க கேமராவை எடுத்துக்கிட்டு, கார்ல ஏறி, அந்தக் கறுப்பை நோக்கியே போவாங்க. 'கொல்கத்தா கிளவுட் சேசர்ஸ்'னு பேரு. வானிலைத் துறை ஊழியர்கள் இல்லை. ஆர்வலர்கள்.

அவங்க துரத்துறது 'கால்பைசாகி'. வங்காளிகளின் பைசாக் மாதத்தில் வரும் இடிமழைக் காற்று. சோட்டா நாக்பூர் பீடபூமியின் வெக்கையும் வங்காள விரிகுடாவின் ஈரக்காற்றும் மோதி உருவாகும். வடமேற்கிலிருந்து கிளம்பி, பொழுது சாயும் நேரத்துல நகரத்துக்குள்ள வந்து அடிக்கும். கடலில் நாள்கணக்கில் சுழன்று வரும் புயல் வேறு, இது வேறு. இது ஒரு சில மணி நேர ஆட்டம்தான். ஆனா மரம் சாயும், இடி விழும், ஆள் சாவாங்க.

"வேலை வெட்டி இல்லாதவங்க"ன்னு கடந்து போகாதீங்க. இந்த ஊர்ல புயலைத் துரத்துற பழக்கத்துக்கு கிட்டத்தட்ட இருநூறு வருஷ வரலாறு இருக்கு. 'சைக்ளோன்'ங்கிற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் கொல்கத்தாவில் வாழ்ந்த ஒரு அமெச்சூர்தான்.

பேரு ஹென்றி பிடிங்டன். 1797-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். வணிகக் கப்பல் கேப்டனா இருந்துட்டு கல்கத்தாவில் கரையேறினவர். கனிமங்கள் வைத்திருந்த ஒரு மியூசியத்தின் காப்பாளர். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றத்தின் தலைவர். வானிலைக்கு அவருக்குச் சம்பளமும் கிடையாது, பட்டமும் கிடையாது. அன்னைக்கு இந்திய வானிலைத் துறைன்னு ஒண்ணே கிடையாது!

அவருக்கு முன்னாடி அமெரிக்காவில் வில்லியம் ரெட்ஃபீல்டுன்னு ஒருத்தர். குதிரைச் சேணம் செய்யும் தொழில் கற்றவர். 1821 புயலுக்குப் பிறகு ஊர் ஊரா நடந்தப்போ, ஒரு இடத்தில் மரங்கள் ஒரு பக்கமாகவும், இன்னொரு இடத்தில் நேர் எதிர்ப்பக்கமாகவும் விழுந்து கிடந்ததைக் கவனிச்சார். "காற்று நேரா வீசல, சுத்திச் சுத்தி வீசியிருக்கு"ன்னு புரிஞ்சுக்கிட்டார். அதே வழியில் வில்லியம் ரீட் என்ற ராணுவப் பொறியாளர் 1838-ல் ஒரு புத்தகம் போட்டார். அது பிடிங்டன் கையில் கிடைச்சது. அவ்வளவுதான்.. மனுஷனுக்குப் புயல் பிடிச்சுக்கிச்சு!

ஆனா காரும் ரேடாரும் இல்லாத காலத்தில் புயலை எப்படித் துரத்துறது?

இங்கேதான் எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சது. அவர் செஞ்சது அச்சு அசலா நாங்க வார்டுல செய்யுற வேலை. ஹிஸ்டரி எடுக்குறது!

புயலில் சிக்கித் தப்பி வந்த கப்பல்களின் பயணக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கினார். அன்று மதியம் கப்பல் எங்கே இருந்தது? காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது? பாரோமீட்டர் எவ்வளவு இறங்குச்சு? ஒவ்வொரு கப்பலும் ஒரு பேஷண்ட் மாதிரி. தனித்தனியா பார்த்தா ஒண்ணும் புரியாது. எல்லாத்தையும் ஒரே வரைபடத்தில் குறிச்சா, நடுவில் புயலின் கண் எங்கே இருந்ததுன்னு தெரிஞ்சுடும்.

1845-ல் மொரீஷியஸ் பக்கம் 'சார்லஸ் ஹெடில்'னு ஒரு கப்பல் புயலில் மாட்டுச்சு. காற்று தள்ளின பக்கமே ஓடினாங்க. ஐந்து நாள் ஓடியும் பெருசா எங்கேயும் போகல. அதன் குறிப்பேட்டை வரைபடத்தில் போட்டா சுருள் சுருளா கோடு வருது. கப்பல் புயலின் கண்ணையே சுத்திச் சுத்தி வந்திருக்கு!

1848-ல் மாலுமிகளுக்காக ஒரு கையேடு எழுதினார். அதில்தான் 'சைக்ளோன்' என்ற சொல்லை வைத்தார். வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது, பாம்பு சுருண்டு கிடப்பது போல என்ற பொருளில். கூடவே, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் கொம்புத் தகடுகளில் புயல் வட்டத்தை அச்சடித்துக் கொடுத்தார். அதைக் கடல் வரைபடத்தின் மேல் வைத்தால், எந்தப் பக்கம் தப்பிக்கணும்னு கேப்டனுக்குத் தெரியும். நம்ம பக்கத்துக் கடலில் காற்றைப் பார்த்து நின்றால், புயலின் மையம் ஏறக்குறைய வலது கைப் பக்கம் இருக்கும். அவ்வளவு எளிமையான விஷயம்தான். ஆனா அது உயிர் காக்கும்.

சரி, இப்போ கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம்.

ஹூக்ளி ஆறு மண் மேவுது, பெரிய கப்பல் வர முடியாமல் போயிடும்னு ஒரு பயம். அதனால் கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே, சுந்தரவனத்தை ஒட்டிய மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுக நகரம் கட்ட ஏற்பாடு நடந்துச்சு.

பிடிங்டன் பதறிட்டார். ஆந்திரக் கரையில் கோரிங்கா என்ற துறைமுகத்தை 1789-ல் புயல் அலைகள் எப்படி விழுங்கின என்ற விவரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. புயலில் ஆளைக் கொல்வது காற்றை விட, காற்று தள்ளிக்கிட்டு வரும் கடல் நீர்தான் என்று தெரிந்தவர். 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கே கடிதம் எழுதினார். இந்த இடம் வேண்டாம், என்றைக்காவது ஒருநாள் புயலோடு கடல் உள்ளே வரும் என்று.

யாரும் கேட்கல. ரயில் பாதை வந்தது. கானிங் பிரபுவின் பெயரில் 'போர்ட் கானிங்' எழுந்தது. பிடிங்டன் 1858-லேயே இறந்துட்டார்.

1864 அக்டோபர் 5. கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. ஹூக்ளி வழியே கடல் ஏறியது. இறந்தவர்கள் சுமார் 60,000 பேர் என்கிறார்கள். அப்பவும் போர்ட் கானிங் வேலை நிற்கல.

1867 நவம்பர். வரலாற்றுப் பெரும்புயல்களோடு ஒப்பிட்டால் சாதாரணப் புயல்தான். சுமார் ஆறடி உயரத்துக்குக் கடல் நீர் உள்ளே வந்தது. துறைமுகம் நாசம். சில வருஷத்தில் கைவிட்டுட்டாங்க. இன்னைக்கு கானிங், சுந்தரவனம் போறவங்க இறங்கும் ஒரு ரயில் நிலையம்.

1864 புயல், அடுத்து 1866, 1871-ல் பருவமழை பொய்த்தது. இத்தனை அடிக்குப் பிறகுதான் 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. எங்கே? அதே கல்கத்தாவில்.

இதைப் படிச்சப்போ எனக்கு என் ஹவுஸ் சர்ஜன் நாட்கள் ஞாபகம் வந்தது.

டெங்கு சீசன். நடுராத்திரி. வார்டில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வந்து, "சார், அந்தக் கடைசி பெட் புள்ள மூச்சு விடுறது ஒரு மாதிரி இருக்கு" என்றார். கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்தது. "பாத்துக்கலாங்க்கா"ன்னேன். பத்து நிமிஷத்தில் திரும்ப வந்தார். "சார், நீங்க எந்திரிச்சு வந்து பாருங்க" என்றார், இந்த முறை கொஞ்சம் கோபமா. போய்ப் பார்த்தேன். குழந்தை ஷாக்குக்குப் போய்க்கிட்டு இருந்தது. சீனியரைக் கூப்பிட்டு ஐசியூவுக்கு மாத்தினோம். பிழைச்சுட்டான்.

அந்த அக்கா படிச்சது எட்டாம் வகுப்பு. ஆனா இருபது வருஷமா அந்த வார்டுல குழந்தைங்க மூச்சு விடுறதைப் பார்த்துக்கிட்டு இருந்தவர். அவர் ரெண்டாவது முறை வராமல் இருந்திருந்தா? இன்னைக்கும் நினைச்சா வயிறு கலங்குது. பிடிங்டனுக்கு அந்த ரெண்டாவது முறை கிடைக்கல.

அப்போ யார் வேணும்னாலும் சொல்றதை நம்பணுமா? கூடாது. வாட்ஸ்அப்பில் "நாளைக்கு ஊரே மூழ்கும்"னு அனுப்புறவரும், பல வருஷம் நாள் தவறாமல் மழையளவும் காற்றும் குறிச்சு வைக்கிறவரும் ஒண்ணு இல்ல. பிடிங்டன் கையில் கப்பல் குறிப்பேடுகள் இருந்தன. "எதை வச்சு சொல்றீங்க?"ன்னு கேளுங்க. பதில் இருந்தா, உட்கார்ந்து கேளுங்க.

கேட்டால் என்ன நடக்கும்ங்கிறதுக்கு ஒடிசா சாட்சி. 1999 சூப்பர் சைக்ளோனில் சுமார் 10,000 பேர் செத்தாங்க. 2013 பைலின் புயலின்போது எச்சரிக்கையை மதிச்சு லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றினாங்க. சாவு இரண்டு இலக்கத்தோடு நின்றது.

கடைசியா, டாக்டரா ரெண்டு வார்த்தை. இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். இடிச்சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீங்க, கட்டடத்துக்குள் போங்க. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. பலர் விழுந்து கிடந்தால், கத்துறவரை விட்டு, பேச்சு மூச்சு இல்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்க. உடனே நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்தால் அவர் பிழைக்க வாய்ப்பு உண்டு. 108-க்கு போன் பண்ணுங்க.

புயலைத் துரத்துறதெல்லாம் தெரிஞ்சவங்க வேலை. புயல் வருதுன்னு அவங்களும் வானிலைத் துறையும் சொன்னா, வீட்டுக்குள்ள இருக்குறது நம்ம வேலை.