சர் சார்லஸ் வாரன் - ராணுவத்திலிருந்து வந்த போலீஸ் கமிஷனர்

ஜாக் தி ரிப்பர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1888-ல் லண்டன் வைட்சேப்பல் பகுதியில் பெண்களை வரிசையாகக் கொன்று, கடைசிவரை பிடிபடாமல் போனவன். அப்போது லண்டன் மாநகர போலீஸ் கமிஷனராக இருந்தவர் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும், "ரிப்பரைப் பிடிக்க முடியாமல் ராஜினாமா பண்ணினாரே, அவர்தானே?" என்பார்கள். அவர் பெயர் சர் சார்லஸ் வாரன். ராஜினாமா செய்தது நிஜம். ஆனால் காரணம் அது அல்ல!

யார் இந்த வாரன்?

1840-ல் வேல்ஸில் உள்ள பாங்கர் நகரில் பிறந்தவர். 17 வயதில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவில் அதிகாரியானார். 1867 முதல் 1870 வரை ஜெருசலேமில் அகழாய்வு செய்தார். கோயில் மலைக்குள் தோண்ட அனுமதி இல்லை. அதனால் மதில்களுக்கு வெளியே ஆழமான குழிகள் இறக்கி, அடியில் சுரங்கம் வைத்து ஆராய்ந்தார். அங்கே அவர் கண்ட பழைய நீர்ப்பாதை ஒன்று இன்றும் 'வாரன் ஷாஃப்ட்' என்றே அழைக்கப்படுகிறது.

1882-ல் அரபி மொழி அறிஞர் பேராசிரியர் பால்மரும் அவருடன் சென்றவர்களும் சினாய் பாலைவனத்தில் காணாமல் போனார்கள். தேடப் போனவர் வாரன். அவர்கள் கொல்லப்பட்டதைக் கண்டுபிடித்து, கொலையாளிகளையும் பிடித்துக் கொடுத்தார். அடுத்த வருடமே 'சர்' பட்டம் கிடைத்தது. பிறகு 1884-85-ல் சுமார் 4,000 பேர் கொண்ட படையுடன் தென்னாப்பிரிக்காவின் பெச்சுவானாலாந்துக்குப் போய், ரத்தம் சிந்தாமலே வேலையை முடித்துத் திரும்பினார்.

கமிஷனர் நாற்காலி

1886 பிப்ரவரி 8 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் வேலையில்லாதோர் கூட்டம் நடந்தது. முடிந்ததும் ஒரு கும்பல் பால்மால் தெருவில் கிளப் ஜன்னல்களை உடைத்து, கடைகளைச் சூறையாடியது. போலீஸ் எங்கே போனது தெரியுமா? 'பால்மால்' என்பதற்குப் பதிலாக 'தி மால்' என்ற வேறு சாலைக்கு! கமிஷனர் ஹெண்டர்சன் பதவி விலகினார். "கறாரான ஆள் வேண்டும்" என்று அரசாங்கம் தேடியபோது கண்ணில் பட்டவர்தான் வாரன்.

ரத்த ஞாயிறு

1887 நவம்பரில் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூட்டங்களுக்கு வாரன் தடை விதித்தார். தடையை மீறி நவம்பர் 13, ஞாயிறு அன்று ஊர்வலங்கள் வந்தன. அயர்லாந்தில் அடக்குமுறைச் சட்டத்தை எதிர்த்தும், சிறையில் இருந்த ஐரிஷ் எம்.பி. வில்லியம் ஓ'பிரையனை விடுவிக்கக் கோரியும் நடந்த போராட்டம் அது. வாரன் சுமார் 2,000 போலீஸாரை நிறுத்தினார். ராணுவமும் வரவழைக்கப்பட்டது. தடியடியில் ஏராளமானோர் காயமடைந்தார்கள். கன்னிங்ஹாம் கிரஹாம் என்ற எம்.பி.யே அடிபட்டுக் கைதாகி, பிறகு ஆறு வாரம் சிறை சென்றார். அந்த ஊர்வலத்தில் வந்தவர்களில் ஒருவர் அன்னி பெசன்ட். ஆம், பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917-ல் காங்கிரஸ் தலைவரான அதே அன்னி பெசன்ட்தான்.

அன்று சதுக்கம் வாரன் கையில்தான் இருந்தது. ஆனால் லண்டன் உழைக்கும் மக்களின் நம்பிக்கை போய்விட்டது. போரில் ஜெயித்தால் எதிரி விலகிப் போவான். ஊருக்குள் ஜெயித்தால், அடிபட்டவன் மறுநாளும் அதே தெருவில்தான் இருப்பான். நாளை சாட்சி சொல்ல வேண்டியவனும் அவனே.

ரிப்பர் நாட்கள்

1888-ல் துப்பறியும் பிரிவின் தலைவராக இருந்த மன்ரோ, வாரனோடு ஒத்துப்போகாமல் ஆகஸ்டில் விலகினார். மாத இறுதியில் கொலைகள் தொடங்கின. புதிதாக வந்த ஆண்டர்சனோ, உடல்நிலை காரணமாக செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு விடுமுறையில் போய்விட்டார்!

செப்டம்பர் 30 அதிகாலை ஒரே இரவில் இரண்டு கொலைகள். கோல்ஸ்டன் தெருவில் ஒரு சுவரில் யூதர்களைக் குறிப்பிடும் வாசகம் சாக்பீஸால் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே கொலையுண்ட ஒருத்தியின் உடைத்துண்டு. "விடிந்ததும் படம் எடுக்கலாம்" என்றார்கள் சிலர். நேரில் வந்த வாரன் அதை அழிக்கச் சொன்னார். யூதர்கள் நிறைந்த பகுதி. மக்கள் பார்த்தால் கலவரம் வெடிக்கும் என்று பயந்தார். தடயத்தை அழித்தார் என்று இன்றுவரை திட்டுகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் ஒரு ராணுவத் தளபதியாக இல்லாமல், ஊரின் அமைதிக்குப் பொறுப்பானவராகத்தான் அவர் யோசித்திருக்கிறார்.

அக்டோபரில் மோப்ப நாய்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓடி ஒளியும் 'குற்றவாளி'யாக நடித்தது யார்? கமிஷனரேதான்! பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன.

ராஜினாமா ஏன்?

விமர்சனங்களுக்குப் பதிலாக 'மர்ரேஸ் மேகசின்' இதழில் லண்டன் போலீஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் வாரன். அனுமதி இல்லாமல் எழுதக்கூடாது என்று 1879-ம் ஆண்டு சுற்றறிக்கையைக் காட்டிக் கண்டித்தார் உள்துறை அமைச்சர் மேத்யூஸ். அந்த விதி தனக்குப் பொருந்தும் என்று தெரிந்திருந்தால் பதவியையே ஏற்றிருக்க மாட்டேன் என்று பதில் அனுப்பி, நவம்பர் 8 அன்று விலகினார். மறுநாள் காலை மேரி கெல்லியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததால், இந்தக் கொலைக்காகத்தான் விலகினார் என்ற கதை பரவியது. உண்மையான சண்டை வேறு: போலீஸ் அமைச்சருக்குக் கட்டுப்பட்டதா, சட்டத்துக்கா?

ராணுவத்துக்குத் திரும்பிய வாரன் சிங்கப்பூரில் படைத்தளபதியாக இருந்தார். 1900 ஜனவரியில் போயர் போரில் ஸ்பியான் கோப் குன்றில் அவர் தலைமையில் நடந்த தாக்குதல் படுதோல்வி. காயமடைந்தவர்களைத் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தியின் இந்திய ஆம்புலன்ஸ் படையும் இருந்தது. லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் கொண்டாடும் 'கோப்' கேலரிக்கு அந்தக் குன்றின் பெயர்தான். 1927-ல் வாரன் இறந்தார்.

அவர் கேட்டுவிட்டுப் போன கேள்வி மட்டும் இன்னும் சாகவில்லை. அமைச்சர் சொன்னதையெல்லாம் செய்யும் போலீஸ் ஆபத்து. யாருக்குமே பதில் சொல்லாத போலீஸ் அதைவிட ஆபத்து. தன்னை மேலிடம் அடக்கக்கூடாது என்று விலகிய அதே வாரன்தான், ஒரு வருடம் முன்பு சதுக்கத்தில் மக்களை அடக்கியவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் முழுதாகப் புரிவார்.