மூன்று நிமிடத் தோடியும் விடியும்வரை மேளமும்

புகலிடத்தில் எமது சங்கீத இரசனை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. நேரில் கேட்பது மட்டுமே சங்கீதம், இசைத்தட்டும் ஒலிநாடாவும் அதன் உயிரற்ற உடல் என்கிறது ஒரு கட்சி. மண்டபம் எடுத்து, ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து நாம் நடத்தும் கச்சேரிகளிலும் பார்க்க, வீட்டில் இருந்து பழைய மேதைகளைக் கேட்பதே மேல் என்கிறது மற்றக் கட்சி. இரு பகுதியினரும் ஒரு விடயத்தில் மட்டும் ஒத்துப்போகின்றனர். எது சாஸ்திரிய சங்கீதம் என்ற கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டதாக இருவருமே நினைக்கின்றனர். எனது கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. எது பதியப்பட்டது, எது பதியப்படவில்லை, யாருடைய காதுக்காகப் பதியப்பட்டது என்பவற்றின் வரலாற்றைப் பார்க்காமல் இந்த விவாதத்தை நடத்த முடியாது.

நான் இசை கற்றவன் அல்லன், கேட்டவன். கேட்டவனுக்கும் வரலாறு பேச உரிமை உண்டு என்ற துணிவில் எழுதுகிறேன்.

கிராமபோன் கொம்பனியின் பிரெட் கைஸ்பேர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து முதலாவது ஒலிப்பதிவுகளைச் செய்தார். அப்போது இந்தியாவில் தட்டு அச்சிடும் வசதி இல்லை. பதிவுகள் கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டாகி, மீண்டும் கப்பலேறி வந்தன. 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை திறக்கப்படும்வரை இதுதான் நிலைமை. எமது ஆட்கள் அகதியாக ஜேர்மனிக்கு வருவதற்கு எண்பது வருடங்கள் முன்னரே எமது இராகங்கள் அங்கு வந்துபோயிருக்கின்றன.

அன்றைய ஒலிப்பதிவுக்கு மின்சாரம் இல்லை, மைக் இல்லை. பாடுபவர் ஒரு பெரிய புனலின் வாய்க்குள் உரத்துப் பாட வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். ஒரு மணி நேரம் விரியக்கூடிய இராகத்துக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். மிருதங்கம் தூரத்தில் யாரோ கதவு தட்டுவதுபோலக் கேட்கும். தம்பூரா பல தட்டுகளில் கேட்கவே கேட்காது.

அந்தப் புனலுக்கு முன்னால் முதலில் போய் நின்றவர்கள் யார் என்பது முக்கியமானது. பேர்பெற்ற பிராமண வித்துவான்கள் பலர் தமது குரலை யந்திரத்துக்குக் கொடுப்பது கௌரவக் குறைவு என்று தயங்கி நின்றபோது, கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி போன்ற பெண்கள் பாடினார்கள். தேவதாசி மரபில் வந்த கலைஞர்கள் இவர்கள். பின்னாளில் இதே மரபை இழிவென்று ஒதுக்கியே சபா மேடை தன்னைத் 'தூய்மைப்' படுத்திக்கொண்டது. கோயிலுக்கு நேர்ந்துவிடும் முறை 1947இல் சென்னை மாகாணச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அது தேவையான சட்டம். ஆனால் முறையோடு சேர்த்து அந்தப் பெண்களின் வித்துவமும் மேடையிலிருந்து ஒதுக்கப்பட்டதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. கீறல் விழுந்த அந்தத் தட்டுகள் இல்லையென்றால் கர்நாடக இசையை ஆண்களே வளர்த்தார்கள் என்ற கதையை நாம் இன்னும் எளிதாக நம்பியிருப்போம்.

தாயியின் குரல் பாரிஸ்வரை போனது. ராவெலின் மாணவரான மொறிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912ஆம் ஆண்டளவில் இந்தியா சென்றபோது தாயியின் இசையில் மயங்கினார். தாயி பாடிய அருட்பா இசைத்தட்டு ஒன்றை வைத்து 'ராகமாலிகா' என்று ஒரு பியானோ உருப்படியையே எழுதினார். எமது இசைக்கருவியின் ஒலி வரவேண்டும் என்பதற்காகப் பியானோவின் தந்தி ஒன்றில் அட்டைத் துண்டு செருகும்படி அதில் குறித்திருக்கிறார். நேரில் கேட்பதே சங்கீதம் என்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடல் கடந்த ஒருவரின் தொழிலையே ஒரு தட்டு மாற்றியிருக்கிறது.

ஆனால் தட்டுக்குள் அடங்காதவையும் இருந்தன. வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தமது வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். மீட்டுவதும் பாடுவதுமாகச் சிறிய கூடத்தில் நடந்த அந்த வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்துவான்களே போய் இருந்தார்கள். அவரைப் பதிவுசெய்தது 1932இல், முதுமையில். கிடைத்திருக்கும் சில தட்டுகளைக் கேட்கும்போது, ஒரு பெரிய வீட்டைத் திறப்புத் துவாரத்தால் பார்ப்பதுபோல் இருக்கிறது. உள்ளே வெளிச்சம் இருப்பது தெரிகிறது. வீடு தெரியவில்லை.

1925இல் மைக் மூலமான மின்பதிவு வந்தது. உரத்துப் பாடத் தேவையில்லாமற் போயிற்று. 1928இல் சென்னை மியூசிக் அக்கடமி தொடங்கியது. ஒரு பல்லவியை மணிக்கணக்கில் விரிக்கும் வழக்கம் குறைந்து, வர்ணத்தில் தொடங்கிப் பல உருப்படிகளைக் கோர்த்துச் செல்லும் கச்சேரி முறை அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் பெயரோடு நிலைபெற்றது. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் கேட்டு 1941இல் அண்ணாமலைநகரில் மாநாடு கூடி, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. நாம் 'பாரம்பரியக் கச்சேரி' என்று சொல்லும் வடிவம் ஆகப்பெரிய வயதுடையது அல்ல. அது எமது பாட்டன் காலத்தில் உருவானது. மண்டபம், நுழைவுச்சீட்டு, மைக், தட்டு, வானொலி எல்லாம் சேர்ந்து செய்த வடிவம்.

இந்த வடிவத்துக்குள் நாதஸ்வரத்துக்குக் கிடைத்த இடம் என்ன? தொடக்க நாளில் மங்கள இசை. அதற்குப் பிறகு கதிரை தேடும் சத்தம். திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898–1956) இதை ஏற்க மறுத்தவர். குடுமியை விட்டுக் கிராப் வைத்ததும், கோட்டுப் போட்டதும், வாய்ப்பாட்டு வித்துவானுக்குச் சமமாக மேடை கேட்டதும் வெறும் முரண்டு என்று எழுதியவர்கள் உண்டு. சாதியால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு கலைஞர் குழுவின் மரியாதைக்கான கோரிக்கை அது. கீச்சிடும் திமிரி நாயனத்தை விட்டு, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை அவர் நிலைநிறுத்தியதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தெருவில் தூரத்துக்குக் கேட்க வேண்டிய வாத்தியத்தை, உட்கார்ந்து ஆழமாகக் கேட்கும் வாத்தியமாக அவர் மாற்றினார்.

அவரது தோடி இசைத்தட்டு எனது விருப்பத்துக்குரிய பதிவு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டின் பக்கம் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வாசிப்பில் அவசரம் இல்லை. நேரம் குறைவு என்று தெரிந்தும் ஒரு காந்தாரத்தில் அசையாமல் நிற்கிறாரே, அந்த நிற்றலைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்பப் போடுகிறேன். நேர்க்கச்சேரி ஒருபோதும் தராத வசதி இது. மேடையில் கடந்துபோகும் ஒரு பிடியைப் பத்தாம் முறை கேட்கும்போதுதான் அது ஏன் அப்படி வளைகிறது என்று எமக்கு விளங்கத் தொடங்குகிறது.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானவர்களுக்குச் சாஸ்திரிய சங்கீதம் சபாவில் அறிமுகமானதல்ல. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையும், 1960இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் நுண்கலைக் கழகமும் படித்தவர்களிடையே வாய்ப்பாட்டையும் வீணையையும் வளர்த்தன. ஊர்ச் சனத்தின் காது வளர்ந்தது திருவிழா மேளத்தில். நாலு கூட்டம், எட்டுக் கூட்டம் என்று மேளம் பிடிப்பது உபயகாரரின் பெருமை. சுவாமி வெளிவீதி வரும்போது மல்லாரி. சந்திக்குச் சந்தி நின்று இராகம். பிறகு கூட்டங்கள் ஒன்றாக உட்கார்ந்து நடத்தும் மேளச்சமா விடியும்வரை போகும். எப்போது முடிய வேண்டும் என்று எந்தத் தட்டும் சொல்லவில்லை. கணக்கு விளங்கிய சுருட்டுத் தொழிலாளியும் தோட்டக்காரரும் தொடையில் தாளம் போட்டபடி முன்வரிசை மணலில் இருப்பார்கள். தவில்காரர் ஒரு தீர்மானத்தை வைத்துவிட்டு முதலில் பார்ப்பது அவர்களின் முகத்தைத்தான்.

இதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்த மணலில் எல்லாரும் இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு உள்வீதி மூடப்பட்டிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் நுழைவதற்காகப் போராட வேண்டியிருந்தது. வாசித்தவர்களின் நிலையும் பெரிய வேறுபாடு இல்லை. இரவு முழுக்க 'ஆகா' போட்டவர்கள், விடிந்ததும் அதே கலைஞரைச் சாதிப் பெயர் சொல்லி அழைத்தார்கள். மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு மேளம் காற்றில் வந்தது. இசைத்தட்டும் இலங்கை வானொலியும் வந்தபோதுதான் அதே இசையை யாருடைய வாசலிலும் நிற்காமல் கேட்க முடிந்தது. பதிவு என்பது இசையின் உயிரற்ற உடல் என்று சொல்பவர்கள், உயிரோடு இருந்த இசைக்கு யார் யார் அருகில் இருக்க அனுமதிக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த மண் தந்த மிகப்பெரிய தவிற்கலைஞர் தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்து 1975இல், நாற்பத்தொரு வயதில் மறைந்தவர். காருகுறிச்சி அருணாசலம் போன்ற நாதஸ்வர மேதைகளுக்கு வாசித்து, தமிழ்நாட்டிலும் தவில் வாசிப்பின் அளவுகோலையே மாற்றியவர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தோடு அவர் சேர்ந்த இரவுகளைப் பற்றி இன்றும் கதை சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருது பெற்றது. ஆனால் எமது கைகளில் அவருடைய இசையாக இருப்பவை பெரும்பாலும் கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலும் இரசிகர்கள் ரேப் றெக்கோடரில் பிடித்த பதிவுகள்.

என்னிடமும் அப்படியொரு கசெற் உண்டு. பிரதியின் பிரதி. இடையில் குழந்தை அழுகிறது, வாணம் வெடிக்கிறது, காணாமற்போன சிறுவனைப் பற்றி ஒலிபெருக்கி அறிவிக்கிறது. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் வேகத்தில் ஒலி சிதறுகிறது. அந்த றெக்கோடருக்கு அவ்வளவு தாங்காது. எனினும் ஒரு நீண்ட கோர்வை சமத்தில் வந்து விழும்போது கூட்டத்திலிருந்து எழும் ஒரு சத்தம் இருக்கிறதே, அது எந்தக் கலையகத் தட்டிலும் இல்லை. கேட்டவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். எமது இசை வரலாற்றில் அதற்கு நிகரான ஆவணம் வேறில்லை என்பது எனது கருத்து. நேரா, பதிவா என்ற சண்டையை அந்தக் கசெற் அர்த்தமற்றதாக்கிவிடுகிறது.

இன்று புகலிடத்தில் நிலைமை என்ன? பரீட்சைகளும் அரங்கேற்றங்களும் பெருகியிருக்கின்றன. மார்கழிக்குச் சென்னைக்குப் பறப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கற்பது நல்ல விடயம். குறை சொல்ல வரவில்லை. ஆனால் சாஸ்திரிய சங்கீதம் என்றால் வாய்ப்பாடு, வயலின், மிருதங்கம். மேளம் என்றால் தாலி கட்டும்போது போடும் இறுவட்டு என்ற பிரிவினை எம்மிடையே உறுதிப்பட்டுவிட்டது. ஜேர்மனியில் ஹம் நகரின் தொழிற்பேட்டைப் பகுதியில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேருக்கும், பாரிஸ் மாணிக்கப் பிள்ளையார் தேருக்கும் ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். தவில் முழங்கும்போது கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறோம். வாசித்தவரின் பெயர் என்ன என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய இசைத்தட்டுகள் பலவற்றில் பக்கவாத்தியக்காரரின் பெயர் இல்லை. நூறு வருடங்களுக்குப் பிறகு நாமும் அதையே செய்துகொண்டிருக்கிறோம்.

1981இல் நூலகம் எரிந்தது பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். 1995இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய வீடுகளில் எத்தனை ரேப்புகள் விடப்பட்டன என்பது பற்றி எழுதவில்லை. மிஞ்சியவை ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் நிலவறைப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. காந்த நாடாவுக்கு ஆயுள் உண்டு. ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பசை விடும், பிறகு எந்தக் கருவியிலும் ஓடாது. அவற்றைக் கணினிக்கு மாற்றுவது இன்று பெரிய செலவான வேலை அல்ல. ஆனால் ஒலியை மட்டும் மாற்றினால் போதாது. எந்தக் கோயில், எந்த வருடம், நாதஸ்வரம் யார், தவில் யார், தாளம் போட்டவர் யார் என்பவற்றைச் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். அந்தக் கோயிலுக்குள் அன்று யார் விடப்படவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சபாக்களும் கொம்பனிகளும் தமக்கு வேண்டியதைப் பாதுகாத்துக்கொண்டன. அது அவர்களின் வேலை. எமது மேளத்தை வேறு யாரும் பாதுகாக்கப் போவதில்லை. வாசகர்களில் எவரிடமாவது அப்படியொரு நாடா இருந்தால், அதை மாற்றுவதற்கு முன்னர் ஒருமுறை முழுதாக உட்கார்ந்து கேளுங்கள், பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு. அவர் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.