எழுதும் கையும் அச்சமும்

நாரணாபுரத்துக்காரர்களான எங்களுக்குக் காகிதம் புதிதல்ல. வெடிக்குக் குழாய் உருட்டுவதற்குப் பழைய பள்ளி நோட்டும் செய்தித்தாளும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பக்கத்துச் சிவகாசியில் அச்சகங்களுக்கும் குறைவில்லை. ஆயினும் நம் வாழ்வை நாமே எழுதி அச்சேற்றும் துணிவு நமக்கு எளிதில் வாய்க்கவில்லை. அந்த அச்சத்தைத் தனிமனிதக் கூச்சம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சாதி ஊட்டி வளர்த்த அச்சம் அது. நம் மாவட்டத்து எழுத்தாளர் பாமாவின் வரலாற்றைக் கொண்டு இதைப் பார்க்க விரும்புகிறோம்.

1958-இல் வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. அவருடைய பாட்டி மேல்சாதி வீடுகளில் வேலை பார்த்தவர். தண்ணீரைக்கூட மேலிருந்து ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டும். படித்தால் இந்த இழிவைத் தள்ளிவிடலாம் என்று அண்ணன் சொன்னார். அந்த அண்ணன்தான் பின்னாளில் ஆய்வறிஞராக விளங்கிய ராஜ் கௌதமன். பாமா படித்தார், ஆசிரியரானார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாமென்று துறவு மடத்தில் சேர்ந்தார். அங்கும் சாதி இருந்தது. 1992-இல் மடத்தை விட்டு வெளியேறியபோது அவர் கையில் வேலையுமில்லை, காசுமில்லை.

அந்த நிலையில், மனக்காயம் ஆற, நண்பர்களின் தூண்டுதலால் எழுதத் தொடங்கியதே ‘கருக்கு’. அச்சம் தீரட்டும், பிறகு எழுதுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. பண்டித மொழியையும் நாடவில்லை. தெருவில் பேசும் மொழியிலேயே எழுதினார். பனைமட்டையின் இரு ஓரமும் அறுக்கும் என்பதைத் தலைப்பே சொல்கிறது.

நூல் வந்ததும் எதிர்ப்பு முதலில் சொந்த ஊரிலிருந்தே எழுந்தது. நம் இழிவை ஊரறியச் சொல்லிவிட்டாளே என்று உறவினர்கள் கொதித்தார்கள். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பகைவரின் ஏச்சைத் தாங்கிவிடலாம், சொந்தச் சனத்தின் கோபத்தைத் தாங்குவது கடினம். படித்த இளைஞர்கள் நூலைப் படித்து எடுத்துச் சொன்ன பிறகே ஊர் அவரைப் புரிந்துகொண்டது. மாணவத் தோழர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எழுதியவரின் தனிமையை உடைத்தவர்கள் வாசகர்கள்.

1994-இல் ‘சங்கதி’ வந்தது. 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ‘கருக்கு’ ஆங்கிலத்துக்குப் போய், கிராஸ்வேர்டு விருதும் பெற்றது. 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி, மகாசுவேதா தேவி ஆகியோரின் எழுத்துகளைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. முப்பதாண்டுகளுக்கு முன் எழுத அஞ்சிய பக்கம் நம்முடையது. இன்று அந்த எழுத்தைப் படிக்கவிடவே அஞ்சுகிறார்கள். அச்சம் இடம் மாறியிருக்கிறது.

எங்கள் ஊரிலும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கவிதை எழுதி, யாரும் பார்த்துவிடாமல் கிழித்துப்போடும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தாளும் வெடிக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. அதை வாங்கிப் படிப்பதும், ஏச்சு வரும்போது எழுதியவளின் பக்கத்தில் நிற்பதும் நம் கடமை.