தனிப் பறப்பு: ஹெலிகொப்டர்ப் பயிற்சி வரலாற்றில் ஆசிரியனின் இடம்

கற்பிப்போன் ஒருவன் தன் கடமையைச் செவ்வனே செய்தான் என்பதற்குச் சான்று யாதென வினவின், அவன் அருகிலில்லாதபோது மாணாக்கன் என் செய்கிறான் என்பதே சான்றெனலாம். பாடசாலையில் இச்சோதனை பரீட்சை மண்டபத்தில் நிகழ்கிறது. தவறியவன் அடுத்த ஆண்டும் எழுதலாம். வானூர்தி செலுத்தக் கற்பவனுக்கோ அது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி ஒரு காலைப்பொழுதில் வருகிறது. ஆசிரியர் தம் இருக்கைப் பட்டியைக் கழற்றி இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் புற்றரையில் ஒதுங்கி நிற்கிறார். மாணாக்கன் தனியே எழுகிறான். இதனைத் தனிப் பறப்பு என்பர்.

ஹெலிகொப்டரில் (நம் பத்திரிகைகள் இதனை உலங்கு வானூர்தி என்றும் எழுதும்) இந்த நாள் ஒரு முறையோடு ஒழிந்துவிடுவதில்லை. தனியார் விமானி உரிமம் பெற்றுப் பல மணி நேரம் பறந்தவனும், தனக்குப் பழக்கமில்லாத வேறொரு வகை ஹெலிகொப்டரில் ஏறும்போது மீண்டும் மாணாக்கனாகிறான். அவ்வகையில் அவன் தனியே எழும் முதற் பறப்பு, முன்னைய தனிப் பறப்பினும் ஒருவாற்றால் அபாயமானது. அன்று தன் அறியாமையை மட்டுமே அவன் அஞ்சவேண்டியிருந்தது. இன்று தான் அறிந்து வைத்திருப்பதையும் அஞ்சவேண்டியிருக்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அவ்வூர்தியின் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் தகும்.

விமானக் கல்வியின் தொடக்கத்தில் ஆசிரியனுக்கு இருக்கையே இருந்ததில்லை. பிரான்சில் பிளேரியோவின் பாடசாலை போன்றவற்றில் மாணாக்கன் முதல் நாளே ஒற்றையிருக்கை ஊர்தியில் தனியே அமர்த்தப்பட்டான். சிறகுகள் குறுக்கப்பட்டமையால் எழும்பமாட்டாத ‘பெங்குவின்’ என்னும் ஊர்தியைத் தரையில் ஓட்டிப் பழகினான். பின்னர்ச் சிறு தத்தல்களும், அவற்றின் பின் பறத்தலும் வந்தன. ஆசிரியர் தரையில் நின்று பார்த்திருப்பார். இதற்கு மாறான முறையை 1917 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொஸ்போட் என்னுமிடத்திலே நிலைநாட்டியவர் றொபேட் சிமித்-பெரி என்னும் படையதிகாரி. இருவரும் ஒரே ஊர்தியில் அமர்ந்தனர். இருவர் கையிலும் கட்டுப்பாடு இருந்தது. பேசுதற்கு ஒரு குழாய் இருந்தது. அபாயமான நிலைகளை விலக்கச் சொல்லிக் கொடுப்பதோடு அவர் அமையவில்லை. அந்நிலைகளுக்குள்ளேயே மாணாக்கனை அழைத்துச் சென்று, அவற்றிலிருந்து மீளும் வகையைப் பழக்கினார். உலகம் அம்முறையையே ஏற்றது. நம் நாட்டில் 1935 நவெம்பர் 27 இல் இரத்மலானை நிலையத்தில் முதன்முதல் வந்திறங்கிய விமானத்தைச் செலுத்தியவர் சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியராகிய ரின்டேல்-பிஸ்கோ. முதல் விருந்தாளி ஓர் ஆசிரியர் என்பதை நம் தொழிலைச் சார்ந்தோர் நினைவில் வைத்திருக்கலாம்.

இவ்வாறு ஆசிரியன் பெற்ற இருக்கையை ஹெலிகொப்டர் தோன்றியபோது மீண்டும் இழந்தான்.

ஈகோர் சிக்கோர்ஸ்கி 1889 இல் கீவ் நகரிற் பிறந்தவர். இருபது வயதளவில், 1909 இலும் 1910 இலும், அவர் இரு ஹெலிகொப்டர்களை அமைத்தார். முதலாவது எழவேயில்லை, இரண்டாவது தன் எடையைத் தூக்கியதேயன்றி ஒரு மனிதனைச் சுமக்க வலியற்றிருந்தது. பின்னர் 1913 இல் நான்கு எஞ்சின்கள் பூட்டிய பெருவிமானத்தை அமைத்துப் பெயர்பெற்று, இரஷியப் புரட்சியின் பின் 1919 இல் அமெரிக்கா சென்று, அங்கே பறக்கும் படகுகளாற் புகழடைந்தார். ஆயினும் இளமையிற் கைவிட்ட எண்ணம் அவரை விடவில்லை. 1939 செப்டெம்பர் 14 இல், கனெற்றிக்கட் மாநிலத்து ஸ்ராற்பேட்டில், வி.எஸ்.-300 என்னும் ஊர்தி நிலத்தைவிட்டுச் சில அங்குலம் எழுந்தது. உருக்குக் குழாய்களால் ஆன சட்டம், 75 பரிவலு எஞ்சின், மூடியற்ற ஒரேயொரு இருக்கை, அவ்வளவே. காற்று அதனைக் கவிழ்த்துவிடாதபடி எடைகளைக் கயிற்றிற் பிணைத்திருந்தனர். இருக்கையில் இருந்தவர் சிக்கோர்ஸ்கி, வயது ஐம்பது.

இக்காட்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியும். ஆனால் இவ்வூர்தியை ஓட்டத் தெரிந்தவர் அந்நாட்டில் எவருமிலர். ஜெர்மனியில் ஃபொக்க-வுல்ஃப் நிறுவனத்தின் எஃப்.டபிள்யூ. 61 முன்னரே பறந்திருந்தது; 1938 இல் ஹன்னா றைட்ச் என்னும் பெண்மணி பேர்லினில் ஒரு மண்டபத்துள்ளேயே அதனைச் செலுத்திக் காட்டினார். எனினும் அது பக்கத்துக்கொன்றாக இரு சுழலிகள் கொண்ட வேறு அமைப்பு. தலைக்கு மேல் ஒரு சுழலியும் வாலில் ஒரு சிறு சுழலியுமாகச் சிக்கோர்ஸ்கி கண்ட அமைப்புக்கு ஆசிரியன் இல்லை. கற்பிப்பவரும் கற்பவரும் அவரே. அன்றியும், அவ்வூர்தி ஓர் உருவில் நிலைத்திருக்கவுமில்லை. 1939 டிசெம்பரில் அது கவிழ்ந்து சிதைந்தது. மேற்சுழலியால் திசைமாற்றும் முறையை அவர் கைவிட்டு, வாலில் மூன்று சிறு சுழலிகளைப் பொருத்தினார். அவ்வுருவில் 1940 மே 13 இல் கயிறின்றிப் பறந்தார். அது பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நன்கு சென்றது. முன்னோக்கிச் செல்வதற்குத்தான் மறுத்தது! 1941 மே 6 இல் 1 மணி 32 நிமிடம் அந்தரத்தில் நின்று ஜெர்மனியரின் சாதனையை முறியடித்த பின்னரும் மாற்றங்கள் ஓயவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் மேற்சுழலிக் கட்டுப்பாடு மீண்டும் வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அதே இருக்கையில், அதே மனிதர், பழக்கமில்லாத வேறோர் ஊர்தியில் முதன்முறையாகத் தனியே எழுந்தார் என்றே கொள்ளல் வேண்டும். நேற்றுக் கற்றதில் எது இன்றைக்கு உதவும், எது கொல்லும் என்பதை எழுந்த பின்னரே அறிய முடிந்தது. கயிற்றிலே பிணைத்துச் சிலவங்குலம் எழுந்து இறங்கிப் பார்த்த அவருடைய பொறுமையை அச்சமென்று சிலர் எண்ணக்கூடும். யாம் அதனைப் பாடத்திட்டம் என்போம்.

லெஸ் மொறிஸ் என்னும் விமானி அவரோடு சேர்ந்தபோதும் நிலைமை மாறவில்லை. இருக்கை ஒன்றேயாதலின் மொறிசும் முதற்கணந்தொட்டுத் தனியனாகவே கற்றார். வெளிவாரியாகப் படித்துப் பட்டம்பெற்ற எம்போன்றோர்க்கு இந்நிலை ஓரளவு விளங்கும். விரிவுரை மண்டபம் இல்லை, நூல் உண்டு, பிழை திருத்த எவருமில்லை. ஆனால் எம்முடைய பிழை எம்மைத் தரையில் மோதவில்லை. 1942 ஜனவரி 14 இல் எக்ஸ்.ஆர்.-4 என்னும் புதிய ஊர்தியை மொறிஸ் முதன்முறை எழுப்பினார். அதில் இரு இருக்கைகள் அருகருகே இருந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் அதனை ஒகாயோ மாநிலம்வரை 761 மைல், பல நாட்களாகத் தங்கித் தங்கிச் செலுத்திப் படையினரிடம் ஒப்படைத்தார். ஆசிரியனுக்கு இழந்த இருக்கை மீண்டது. ஏற்றவிறக்கத்துக்குரிய நெம்புகோல் மட்டும் இருவருக்கும் நடுவே ஒன்றாகவே இருந்தது. வலப்புறமிருந்த மாணாக்கன் அதனை இடக்கையாற் பற்றிப் பழகினான். ஹெலிகொப்டரின் தலைமை விமானி வலப்புறம் அமரும் வழக்கம் அதனால் வந்ததென்பர்.

எனினும் தனியே கற்கும் பழைய முறை அத்துடன் அழியவில்லை. 1944 இல் கலிபோர்னியாவிலே பத்தொன்பது வயதேயான ஸ்ரான்லி ஹில்லர், தாமே வகுத்த எக்ஸ்.எச்.-44 என்னும் ஊர்தியைத் தாமே ஓட்டக் கற்று, பேர்க்லி நகர விளையாட்டரங்கிற் பறக்கவிட்டார். 1946 மார்ச் 8 இல் பெல்-47 ஹெலிகொப்டர் அமெரிக்க அரசின் குடிசார் சான்றிதழை முதன்முதலாகப் பெற்றதும், தனியாரும் இவ்வூர்தியை வாங்கிச் செலுத்தும் காலம் பிறந்தது. அதனுடன் ஒருவகை ஊர்தியிலிருந்து மற்றொருவகைக்கு மாறும் சிக்கலும் பிறந்தது.

அச்சிக்கலின் வேர் காலில் இருக்கிறது. ஹெலிகொப்டரை அந்தரத்தில் நிறுத்துவோன் இடக்கை நெம்புகோலை உயர்த்தினால் மேற்சுழலி கூடுதலான காற்றைத் தள்ளுகிறது; அதற்கு எதிர்வினையாக உடல் மறுபுறம் திரும்ப முயல்கிறது; காலால் மிதியை அழுத்தி வாற்சுழலியைக் கொண்டு அதைத் தடுக்கவேண்டும்; வாற்சுழலி பக்கவாட்டில் இழுப்பதை வலக்கைக் கோலால் ஈடுசெய்யவேண்டும். இவை யாவும் ஒரே கணத்தில் நிகழ்வன. சிந்தித்துச் செய்தற்கு நேரமில்லை, உடம்பு அறிந்திருக்கவேண்டும். அமெரிக்கரின் பெல், சிக்கோர்ஸ்கி ஊர்திகளில் மேற்சுழலி, மேலிருந்து பார்ப்பின், இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே எழும்போது இடக்கால் அழுத்தவேண்டும். பிரெஞ்சு, இரஷிய ஊர்திகளிற் பெரும்பாலானவற்றில் அது வலஞ்சுழி, அழுத்தவேண்டியது வலக்கால். பெல் வகையில் முந்நூறு மணிநேரம் பழகியவன் பிரெஞ்சு ஊர்தியில் ஏறி, மனத்தால் வேறுபாட்டை நன்கறிந்திருப்பினும், இக்கட்டு நேர்ந்த கணத்தில் அவனது இடக்கால் தானே முந்திக்கொள்கிறது. ஊர்தி திருப்பம் தடைப்படுவதற்குப் பதிலாக விரைவுபெறுகிறது. நன்கு கற்றவனே இங்கு விரைந்து கெடுகிறான் என்பது வேடிக்கையன்று.

நம் நாட்டுக்கு இது தூரத்துச் செய்தியுமன்று. 1950களில் இலங்கை விமானப்படை பெற்ற ட்ரகன்ஃபிளை ஹெலிகொப்டர், சிக்கோர்ஸ்கியின் எஸ்.-51 வகையைப் பிரித்தானியாவில் வெஸ்ற்லாண்ட் நிறுவனம் கட்டியதாகும், இடஞ்சுழி மரபினது. பின்னர் வந்த பெல்-206, பெல்-212 என்பனவும் அம்மரபினவே. அதே படையில் இரஷிய எம்.ஐ.-17 சேர்ந்தபோது எதிர்மரபும் வந்து சேர்ந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் பிரெஞ்சு உரிமத்தின்கீழ் அமைத்த சேத்தக், வலஞ்சுழி. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா புயலால் மண்சரிந்து மலையகத்து வீதிகள் துண்டிக்கப்பட்டபோது, கொத்மலைப் பகுதியில் சிக்கியோரை மீட்க வந்தவற்றுள் இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஊர்திகளும் இருந்தன. அன்று வானத்தை அண்ணாந்து பார்த்த தோட்டமக்கள், சுழலி எப்பக்கம் சுற்றுகிறதென நோக்கியிருக்கமாட்டார்கள். உள்ளே இருந்தவரின் கால்களுக்கு அதுவே முதற் பாடம்.

மலைக்கு மற்றொரு பாடமும் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையினும் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. வெயிலேறிய நண்பகலில் இன்னும் குறையும். எஞ்சினுக்கும் மூச்சு முட்டுகிறது, சுழலிக்கும் பிடிமானம் குறைகிறது. இரத்மலானையில் இலகுவாய் நின்ற ஊர்தியே இங்கு வேறு வகை ஊர்திபோல் நடந்துகொள்ளும். அதே சுமையுடன், அதே கையளவில் நெம்புகோலை உயர்த்துவோன் எதிர்பார்த்த தாங்கல் கிடையாமற் சரிவை நோக்கித் தாழக்கூடும். பள்ளத்தாக்குக் காற்றும் பிற்பகல் மூடுபனியும் வேறு. வகை மாறாமலே ஊர்தி அந்நியமாகும் இடம் நம் மலைநாடு.

இலங்கையிலே தனியாராக இத்துறையில் ஈடுபட்டோருள் முதலிற் சொல்லத்தக்கவர் றேய் விஜேவர்தன (1924–2010). கேம்பிரிட்ஜிற் கற்ற பொறியியலாளர். இருசில்லு உழவியந்திரத்தை வகுத்தவர். சரிவு நிலங்களில் மண் அரிப்பைத் தடுக்கும் சமவுயரக்கோட்டு வேளாண்மையை வலியுறுத்தியவர். மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராயிருந்தவர். நம் தேயிலைச் சரிவுகளுக்கு அவர் சொன்னவற்றை இன்னும் நாம் முற்றக் கேட்கவில்லை. அது வேறு கட்டுரைக்குரியது. அவர் விமானம், ஹெலிகொப்டர், சுழலிக்கு எஞ்சின் வலுவூட்டாத ஓட்டோஜைரோ ஆகிய மூன்றையும் ஓட்டினார். சிறு வானூர்திகளைத் தாமே அமைத்துத் தாமே பறந்தார். தான் அமைத்த ஊர்தியில் முதன்முறை ஏறுவோனுக்கு ஆசிரியன் இருக்க வழியில்லை. ஸ்ராற்பேட்டுப் புல்வெளியின் நிலையே அவருக்கும்.

அந்நிலையை மேற்கொண்ட இன்னொருவர் ஃபிராங்க் றொபின்சன். 1973 இல் கலிபோர்னியாவில் தம் வீட்டிலேயே நிறுவனம் தொடங்கி, தனியார் ஒருவர் வாங்கத்தக்க மலிவான ஆர்-22 என்னும் ஈரிருக்கை ஹெலிகொப்டரை வகுத்தார். 1975 ஓகஸ்ட் 28 இல் தாமே அதனை முதன்முறை பறக்கவிட்டார். 1979 இல் சான்றிதழ் கிடைத்தது. சொந்தக்காரர் ஓட்டிச் செல்வதற்கென எண்ணியது, மலிவு காரணமாகப் பயிற்சிப் பள்ளிகளின் ஊர்தியாயிற்று. அதன் சுழலி இலேசானது. எஞ்சின் நின்றால் கனத்த சுழலி சிறிது நேரம் தன் வேகத்தைக் காத்திருக்கும். இதுவோ ஓரிரு வினாடியில் வேகமிழக்கும். அதற்குள் நெம்புகோலைத் தாழ்த்தாதவனுக்கு மறு வாய்ப்பில்லை. கோலைத் திடீரென முன்தள்ளி ஊர்தியின் எடை நீங்கினாற்போல் ஆகும்போது, இருதகட்டுச் சுழலி சாய்ந்து தன் தண்டையே அடித்துச் சிதைக்கும் அபாயமும் உண்டு. வேறு ஊர்திகளில், அன்றி விமானங்களில், நீண்டகாலம் பழகியோரும் இதில் மாண்டனர். அமெரிக்க அரசு 1995 மார்ச்சில் சிறப்பு விதி 73 ஐப் பிறப்பித்தது. இவ்வபாயங்களைப் பற்றிய அறிவூட்டல் பெறாமல் எவரும் ஆர்-22 இன் கட்டுப்பாட்டைத் தொடலாகாது. தனிப் பறப்புக்கு முன் மாணாக்கன் அவ்வூர்தியிலேயே ஆசிரியனுடன் இருபது மணி நேரம் பறந்திருக்கவேண்டும். வேறு வகையில் உரிமம் உடையவனும், போதிய அனுபவம் இல்லாவிடின், பத்து மணி நேரமேனும் ஆசிரியனுடன் பறந்து அவர் கையொப்பம் பெறவேண்டும். 1996 இல் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இவ்வூர்தியின் சுழலி விபத்துக்களைத் தனியே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. கொஸ்போட்டில் ஆசிரியனுக்குக் கிடைத்த இருக்கை, ஏறத்தாழ எட்டுப் பத்தாண்டுகளின் பின், ஒரு வகை ஊர்திக்கெனச் சட்டத்தாலும் உறுதியாயிற்று.

அந்த மணிக்கணக்கு நிறைந்து ஆசிரியர் இறங்கும் காலையில் ஊர்தியும் மாறிவிடுகிறது. ஆர்-22 சிறிய ஊர்தியாதலின் ஒரு மனிதனின் எடை நீங்குவதை அது நன்கு உணரும். இருவரோடு எழுந்தபோது தேவைப்பட்ட அளவுக்கு நெம்புகோலை உயர்த்தினால் அது எதிர்பாராத விரைவில் மேலெழும். இடப்புற இருக்கை வெறுமையாதலால் உடல் வலப்புறம் சாயும். இடக்காற் சட்டமே முதலில் நிலத்தை விடும். அந்தரத்தில் நேராய் நிற்கக் கோலைச் சற்று இடப்புறம் பிடிக்கவேண்டும். நல்லாசிரியர் இறங்குமுன் இம்மூன்றையும் சொல்லிவிட்டே இறங்குவார்.